வேலியடி விளக்குகள்

வேலியோரம் சாய்ந்து நின்ற விளக்கை நிமிர்த்தி வைக்கலாம் என்று பிடுங்கியபோது, மண்ணோடு ஒரு நூலும் சேர்ந்து வந்தது. சிலந்தி நூல் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சிலந்தி நூல் இவ்வளவு கனமாக இருக்காது. நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் நுரைக் குமிழோடு ஊசலாடாது. விளக்கின் இரும்பு முனைக்கும் மண்ணிலிருந்த குழிக்கும் இடையே ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டு, அறுந்து, அவன் மணிக்கட்டில் வந்து அப்பிக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

விளக்கை அப்படியே போட்டுவிட்டு, கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி ஓடி, முழங்கையால் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினான். துடைத்தான். முகர்ந்து பார்த்தான். மறுபடி கழுவினான். சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, தோல் உரிகிற வரைக்கும் தேயுங்கள் என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு நறுக்கப் போய்விட்டாள். அவளுக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்த கூத்து.

அருவருப்பு அவனுக்குக் கூடப்பிறந்தது. அடுத்தவர் குடித்த டம்ளரில் குடிக்க மாட்டான். பேருந்துக் கம்பியைக் கைக்குட்டை வைத்துத்தான் பிடிப்பான். யாராவது பக்கத்தில் சத்தமாகச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவான். இப்படிப்பட்டவன் பிழைப்புக்கு என்ன செய்கிறான் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பல் செட் செய்கிறான். பல் மருத்துவத்துக்குத்தான் முதலில் படிக்கப் போனான். உயிருள்ள ஒரு வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்த அன்றைக்கே குமட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தவன், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் பட்டறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் தாடை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ரோஜா நிறத்தில் ஈறு செதுக்கி, மெருகேற்றி டப்பாவில் போட்டுக் கொடுப்பான். கைவேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிளாஸ்டர் வாய்க்கு நாற்றமில்லை, எச்சிலில்லை, முக்கியமாக நாக்கில்லை.

இந்த அருவருப்பில் அவனுக்கு இருந்த ஒரே துக்கம் மகள்தான். ஆறு வயது. பிறந்தபோது கையகலம்கூட இல்லை என்பதால் பட்டாணி என்று பெயர் நின்றுவிட்டது. பட்டாணி முத்தம் கொடுத்தால் கன்னத்தில் சொதசொதவென்று ஈரம் நிற்கும். அவன் அவள் திரும்பிய பிறகு துடைத்துக்கொள்வான். ஒருநாள் அவள் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து முத்தம் கொடுக்கும் முன்பு தன் வாயைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்கும்போது அவனுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

விளக்குகளும் பட்டாணிக்காக வந்தவைதான். பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஒருநாள் பின்புறப் புல்தரையில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும் என்பது அவள் ஆசை. இருட்டு என்றால் அவளுக்குப் பயம். மனைவியின் தம்பி விளக்குக் கடை வைத்திருந்தான். அக்கா வீட்டுக்கு வந்தால் எதையாவது மாட்டாமல் போக மாட்டான். வேலியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான மரவேலியை இருட்டில் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று அங்கலாய்த்தான்.

“முன்னாடிலேர்ந்து வெளிச்சம் அடிச்சா வேலி சப்பையா தெரியும் மாமா. அடியில வெச்சு மேல பாத்து அடிக்கணும். அப்பதான் பகல்ல கண்ணுக்குப் படாததெல்லாம் எழுந்து நிக்கும்.”

அவன் சொன்னபடியே செய்தார்கள். ஒவ்வொரு பலகையின் காலடியிலும் ஒரு குட்டி விளக்கு, மண்ணில் குத்துகிற கூர்முனையோடு. மஞ்சள் வெளிச்சம். சூரியன் இறங்கியதும் தானாக எரியும், விடிந்ததும் தானாக அணையும். தெரு முட்டி நிற்கிற வளைவில் இருந்த வீடு அது. மனையும் பின்னால் வளைந்துதான் போயிற்று. வேலி வீட்டின் ஒரு மூலையில் தொடங்கி, புல்தரையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த மூலையில் வந்து முடிந்தது. கட்டியவன் வீட்டோரத்தில் அகலமான தடிப்பலகைகளை அடித்துவிட்டு, போகப் போகச் சிறுத்து, தூரத்து வளைவில் மெல்லிய பலகைகளாக அடித்திருந்தான். அந்த வளைவில் ஒரு பலகை விழுந்துபோய் இடைவெளி இருந்தது.

முதல் நாள் மாலை விளக்குகள் எரிந்ததும் மூவரும் மாடி ஜன்னலுக்கு ஓடினார்கள். பட்டாணி கை தட்டினாள். மனைவி தம்பிக்கு போன் போட்டாள். இவன் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றான், பிறகு சிரித்துவிட்டான். வெளிச்சம் பலகைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்து நிறுத்தியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் அகலமான கடைவாய்ப்பற்கள். வளைவு தொடங்கும் இடத்தில் கோரைப்பற்கள். தூரத்தில் ஒல்லியாக முன்பற்கள். அச்சு அசல் கீழ்த்தாடை செட். மனைவியிடம் சொன்னபோது, வீட்டுக்கு வந்தும் அடுத்தவர் வாய்க்குள்ளேயே குடியிருக்கிறீர்களே, கொஞ்சம் வெளியே வாருங்கள் என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை. ஒருவருக்குப் பல் விழுந்திருந்தால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், இவன் இடைவெளியைத்தான் பார்ப்பான். அடுத்த விடுமுறை நாளில் ஒரு பலகை வாங்கி வந்து, அக்கம்பக்கத்துப் பலகைகளின் அகலத்துக்கு இழைத்து, உச்சியை அரத்தால் ராவி, பல்லுக்கு நிறம் பார்க்கிற அதே கண்ணோடு சாயம் கலந்து பூசி, ஆழமாகக் குழி தோண்டி இறக்கினான். குழிக்குள் கை விட்டபோது மண் கொழகொழவென்றிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையை முடித்தான். பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அன்றைக்கு அவன் செய்தான்; ஆனால் அன்றைக்கு அவனுக்கு நல்ல பசி, நல்ல தூக்கம்.

நூல் வந்தது அதற்கப்புறம்தான்.

நூல் வந்த நாளிலிருந்து அவன் பட்டறையிலிருந்து வந்ததும் பின்கதவுப் படியில் நின்று வேலியைப் பார்க்க ஆரம்பித்தான். பகலில் ஒன்றுமில்லை. ஈரமண், கொஞ்சம் பாசி. பொழுது சாய்ந்து விளக்குகள் எரிந்து அரைமணி ஆனதும் பலகைகளின் அடி மெல்லச் சூடேறும், அந்தச் சூட்டில் ஒரு நாற்றம் கிளம்பும், அது புல்தரையைக் கடந்து மெதுவாகப் படிக்கு வரும். சாக்கடை நாற்றமில்லை. செத்த எலி நாற்றமுமில்லை. பழுதுபார்க்க வருகிற பழைய செட்டுகளில் சில, மாதக்கணக்கில் வாயிலிருந்து கழற்றாமல் போட்டுத் தூங்கியவர்களுடையவை. டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஒரு புளித்த, இனித்த, கெட்ட வாடை. உலகத்தில் அவன் மிக வெறுக்கிற வாடை அது. அது தன் வீட்டுப் பின்புறத்தில் காற்றில் விட்டு விட்டு வந்தது, நின்றது, வந்தது.

மனைவி அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருப்பாள். கூடத்தின் திரைச்சீலை உள்ளே உப்பும், பிறகு வெளியே இழுபடும், மறுபடி உள்ளே உப்பும். இந்த வீட்டில் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை என்று அவளுக்குப் பெருமை. வாடையா, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். அவளுக்குச் சளி பிடித்திருந்தது.

மண்ணையும் அவன் கவனித்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மண் மேடாக எழும்பிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பலகையின் அடியையும் வளைத்து, இரண்டுக்கும் நடுவில் கூம்பாக ஏறி, பளபளத்து நின்றது. அந்த வளைவை அவன் ஆயிரம் முறை மெழுகில் செதுக்கியிருக்கிறான். நல்ல ஈறு அப்படித்தான் இருக்கும். இது நல்ல ஈறாக இல்லை. விளக்கின் கூர்முனை குத்திய இடங்களெல்லாம் வீங்கி, வீக்கத்தின் நுனி வெளுத்து, வெளுப்புக்குள் மஞ்சளாக ஏதோ கட்டி நின்றது. குனிந்து பார்த்தவனுக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. சீ என்று துப்பினான். துப்பியது மண்ணில் விழுந்ததும் உறிஞ்சப்பட்டது.

வெளிச்சத்துக்கு விட்டில்கள் வந்தன. பலகையில் உட்கார்ந்த விட்டிலின் சிறகு நனைந்து ஒட்டிக்கொள்ளும், அது துடித்துத் துடித்துக் கீழே சறுக்கும், இடுக்குக்குள் போகும். காலையில் ஒரு குச்சியை எடுத்து இரண்டு தடிப்பலகைகளுக்கு நடுவில் நோண்டினான். வெள்ளையும் சாம்பலுமாகப் பசை வந்தது. அதில் சிறகுத் துணுக்குகள், புல், ஒரு பொன்வண்டின் பச்சை ஓடு. இன்னும் ஆழமாக நோண்டியபோது ஒரு கொத்து ரோமம் வந்தது, சாம்பல் நிறத்தில், வேரோடு ஏதோ தோல் ஒட்டிக்கொண்டு. பூனை உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் செடி மறைவில் போய் வாந்தி எடுத்தான். காலையில் சாப்பிட்ட முட்டை அத்தனையும் வந்தது.

மைத்துனனைக் கூப்பிட்டுக் காட்டினான். பட்டப்பகல். மைத்துனன் காலால் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடியில் தண்ணீர்க் குழாய் எங்கேயோ கசிகிறது, ஆள் வைத்துத் தோண்டிப் பார்க்கலாம் என்றான். அக்காவிடம் தனியாக, மாமாவுக்கு வேலை ஜாஸ்தியோ என்று கேட்டதும் இவன் காதில் விழுந்தது.

அன்று மாலையே கடைக்குப் போய்ப் பாட்டில் பாட்டிலாகக் கிருமிநாசினி வாங்கி வந்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் பலகைகளின் அடியில் ஊற்றிக்கொண்டே போனான். முதலில் நுரைத்தது. அடுத்து, ஊற்றிய இடத்தில் மண் வெடுக்கென்று சுருங்கியது. அதற்கடுத்து நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. புல்தரை முழுவதும் நடுவில் ஒரு சாண் உயர்ந்து, நடுங்கி, அமர்ந்தது. அதே நேரத்தில் அவனுக்குப் பின்னால், வீட்டுக்குள், குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல ஒரு களக்கென்ற சத்தம் கேட்டது. குமட்டல் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? பாட்டிலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு அவன் கால் புல்தரையில் படவில்லை.

வீட்டுக்குள்ளிருந்த ஸ்விட்சைத் தட்டி விளக்குகளை அணைத்து வைத்தான். பட்டாணி சாப்பிடாமல் அழுதாள். கூடாரம் வேண்டாம், கடற்கரைக்குப் போகலாம், மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம் என்று என்னென்னவோ பேரம் பேசினான். அவள் மசியவில்லை. மனைவிதான் கடைசியில் அவனைத் தனியே அழைத்துப்போய்க் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, அவள் உண்மையாகக் கோபப்பட்டால் குரல் இறங்கிவிடும்.

“நீங்க அவ முத்தத்தை தொடைக்கறீங்க. அத பாத்துட்டு ஒண்ணும் கேக்காம இருக்கா பாருங்க, அதான் எனக்கு தாங்கல. இப்ப வேலி ஈரமா இருக்குன்னு அந்த ஒரு ஆசையையும் கெடுக்காதீங்க.”

என்னவென்று சொல்வது? நம் வேலிக்கு ஈறு வீங்கியிருக்கிறது என்றா? டம்ளருக்கும் பேருந்துக் கம்பிக்கும் முகம் சுளித்தே வாழ்ந்தவன் இன்றைக்கு நிஜமாகவே ஒன்றைக் கண்டு முகம் சுளித்தால் யார் நம்புவார்கள்? தானே தன்னை முழுதாக நம்பவில்லை. ஒரே ஒரு தைரியம் இருந்தது, அதைத் தொழில்காரனின் தைரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை மட்டும் இருந்து என்ன செய்துவிடும்? மேல்தாடை இல்லாமல் கடிக்க முடியாது. புல்தரைக்கு மேலே திறந்த வானம்தானே இருக்கிறது. இப்படி நினைத்துத் தேற்றிக்கொண்டு, சரி என்று தலையாட்டி, விளக்குகளின் ஸ்விட்சை மறுபடி போட்டு வைத்தான்.

விடுமுறையின் கடைசி நாள். பட்டறையில் அவசர வேலை வந்து, அவன் வீடு திரும்பும்போது வெயில் போய்விட்டது. வாசலிலேயே வழக்கம்போல் காலணியையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். மாடியில் மனைவி தலையணை தேடும் சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும்தான் கூடாரத்தில் படுப்பதாக ஏற்பாடு. பட்டாணி எங்கே என்று கேட்டான். கூடாரத்தில் இருக்கிறாள், இதோ போர்வை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அவன் பின்கதவுப் படிக்கு வந்தான்.

புல்தரையின் நடுவில் நீலத் துணிக்கூடாரம். உள்ளே டார்ச் வெளிச்சம், அதில் பட்டாணியின் நிழல் உட்கார்ந்துகொண்டு எதையோ அடுக்கிக்கொண்டிருந்தது. வேலி இன்னும் இருட்டாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன, வீட்டோரத்திலிருந்து தொடங்கி, வளைவைச் சுற்றிக்கொண்டு.

ஈறுகள் முழங்கால் உயரத்துக்கு எழுந்திருந்தன. பலகைகளின் பாதி உள்ளே புதைந்திருந்தது. எல்லா இடுக்கிலிருந்தும் நீர் வழிந்தது, நூல் நூலாக, அவசரமில்லாமல், புல்லுக்குள். புற்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. யாரோ வாரிவிட்டதுபோல எல்லாம் ஒரே பக்கமாக, வீட்டைப் பார்த்துப் படிந்திருந்தன. நாற்றம் வந்தது. இம்முறை விட்டு விட்டு வரவில்லை.

“பட்டாணி. உள்ள வாம்மா.”

நிழல் தலையைத் தூக்கியது.

“அப்பா, கீழ சூடா இருக்கு. மெத்து மெத்துன்னு இருக்கு. நீங்க வாங்க.”

“நீ வா. அப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“நீங்க வர மாட்டீங்க. எனக்கு தெரியும்.”

அந்தக் குரலில் அழுகை இல்லை. சும்மா ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னாள். காலைப் பார்த்தான். வெறுங்கால். காலணி வாசலில் இருந்தது. போய் எடுத்து வரலாம், கூடத்தைக் கடந்து போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்போது கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. உள்ளே பட்டாணி கிளுகிளுவென்று சிரித்தாள்.

இறங்கினான்.

முதல் அடியிலேயே கால் கணுக்கால் வரைக்கும் அமுங்கியது. சூடு. புல்லுக்கு அடியில் மண் இல்லை. சொரசொரவென்று, சின்னச் சின்ன முண்டுகளாக, ஒவ்வொன்றும் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு விரல் இடுக்குகளுக்குள் நுழைந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுத்த காலை வைத்தான். அடியில் இருந்தது அவன் பாதத்தை உணர்ந்தது. ஆம், உணர்ந்தது, ருசி பார்க்கும்போது எப்படிச் சுருங்கி விரியுமோ அப்படிச் சுருங்கி விரிந்தது. உவ்வே என்று வயிறு எக்கியது. புளித்த நீர் வாய்க்கு வந்தது. விழுங்கினான். தன் வாழ்நாளில் அவன் செய்த மிக அசிங்கமான காரியம் அது. நடந்தான்.

கூடாரத் துணி நனைந்து கனத்திருந்தது. வாசல் திரையை விலக்கினான். பட்டாணி பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். அவளுடைய பாவாடை, முழங்கால், முடி நுனி எல்லாம் சொதசொதவென்று அந்த நீரில் ஊறியிருந்தன. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொள்ளச் சட்டையைத் தூக்கினாள்.

அவன் அவளை அப்படியே வாரி எடுத்தான். அந்த ஈரத்தோடு, நாற்றத்தோடு, முகத்தோடு முகம் வைத்து அழுத்திக்கொண்டான். கன்னத்தில் முத்தமிட்டான். துடைக்கவில்லை. அந்த ஒரு நொடி அவனுக்கு அருவருப்பு என்பதே இல்லாமல் போயிருந்தது, சத்தியமாக.

திரும்பினான். வீடு எதிரே இருந்தது.

ஓடினால் போதும். கதவு திறந்திருந்தது. கூடத்து விளக்கு எரிந்தது. மனைவி தலையணைகளோடு படியில் வந்து நின்றாள். அவன் வெறுங்காலோடு புல்தரையில், மகளை அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தலையணைகளைக் கீழே போட்டாள்.

“நனைஞ்சிட்டாளா? குடுங்க, உள்ள கொண்டு வாங்க.”

ஓர் அடி எடுத்து வைத்தான். நின்றான்.

இதுவரை வேலியை முழுதாக வீட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறான். மாடியிலிருந்து. படியிலிருந்து. விளக்குகள் எரியும்போது இங்கே நடுவில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் தடிப்பலகைகள், வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு. கடைவாய்ப்பற்கள். முன்பற்கள் முதுகுக்குப் பின்னால், தூரத்தில்.

முன்பற்கள் அங்கே. உதடு அங்கே.

அப்படியானால் இந்தப் பக்கம் என்ன?

மேல்தாடை இல்லையே என்று தைரியமாக இருந்தான், முட்டாள். பல்லே இல்லாத கிழவர்கள் அவன் பட்டறை வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். கடிக்க வேண்டியதில்லை. விழுங்கினால் போதும்.

வந்த வழியே திரும்பினான். வேலியைத் தாண்டலாம். எப்படியாவது. பட்டாணியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடலாம்.

புல்தரையின் தூரத்து நுனி எழுந்தது.

மெல்ல எழுந்தது. முன்பற்களை மறைத்துக்கொண்டு. விளக்குகளை மறைத்துக்கொண்டு. அவன் காலடி சரிவாயிற்று. கூடாரம் அவனைக் கடந்து சறுக்கிப் போனது. பொம்மைகள் போயின. டார்ச் உருண்டு, வெளிச்சம் சுழன்று சுழன்று, படியைத் தாண்டி உள்ளே போய், கூடத்துக்குள் விழுந்து, அங்கேயும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது.

விரல்களை ஊன்றினான். வழுக்கியது. குதிகாலை ஊன்றினான். வழுக்கியது. பட்டாணி சறுக்குமரம் என்று நினைத்துச் சிரித்தாள்.

“வராதே,” என்று கத்த நினைத்தான். மனைவி உள்ளேதான் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேதான் இத்தனை நாளும் இருந்தார்கள். சாப்பிட்டார்கள். தூங்கினார்கள்.

அவள் இரண்டு கைகளையும் மகளுக்காக நீட்டினாள். அவளுக்குப் பின்னால், கூடத்தின் வெளிச்சத்தில், ஈரமாக, சிவப்பாக, சுவர்கள் ஒன்றையொன்று நெருங்கின, விலகின, மறுபடி நெருங்கின.